மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது: டாஷா, பாமா?

மடிப்பாக்கம் மாடிவீடு | ஏப்ரல் 11, இரவு 9.40

ரெண்டு பெட்ரூம் ஃபிளாட். மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை. தரை முழுக்க விட்ரிஃபைட் டைல்ஸ். பகல்ல அம்மா மட்டும்தான் வீட்ல, 68 வயசு, முட்டி வலி. சின்ன நாய் ஒண்ணு வாங்கணும், டாஷ்ஹவுண்டா பொமரேனியனா என்பதில் வீடு ரெண்டு கட்சி. நான் டாஷ் கட்சி. முடி கம்மி, கால் குட்டை, அதனால ஓட்டமும் கம்மி. ஃபிளாட்டுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி. மறுப்பு இருந்தா சொல்லுங்க.

வேப்பேரிப் பக்கம் | ஏப்ரல் 11, இரவு 10.25

மறுப்பு இருக்கிறது. படி. ஒவ்வொரு படியும் 15 முதல் 17 செ.மீ. உயரம், டாஷின் நெஞ்சுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கையகலம்தான் இடம். மூன்று மாடி, தினம் மூன்று நடை. முதுகு போய்விடும். டாஷ் வேண்டாம்.

முடி கம்மி என்பது சரி. ஓட்டம் கம்மி என்பது தப்பு. ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து பிராணிகளை விரட்டுவதற்காக உருவாக்கிய வேட்டை நாய் அது. தினம் இரண்டு வேளை, வேளைக்கு 30 நிமிடமாவது நடக்க வேண்டும். நடக்காத டாஷ் சோபாவைத் தோண்டும்.

ஓ.எம்.ஆர். ஓரம் | ஏப்ரல் 11, இரவு 10.31

சோபா, மெத்தை, பூந்தொட்டி. வளைன்னு அதுக்குத் தோணுற எதையும்.

சீப்பும் கத்தரியும் | ஏப்ரல் 12, காலை 7.15

முதல்ல பேரைச் சரி பண்ணிக்கலாம். சென்னையில "பாம்"னு விக்கிறதுல பெரும்பாலானது பொமரேனியன் கிடையாது, இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரன் காலத்துல வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் வழியா இங்கேயே உருவானது. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா இதைத் தனி இனமாவே பதிவு பண்ணுது. அசல் பொமரேனியன் வளர்ந்தா ஒண்ணரைல இருந்து மூணு கிலோ சொச்சம். சின்ன வகை ஸ்பிட்ஸ் 5–7 கிலோ, பெரிய வகை 12 கிலோவுக்கு மேலே போகும். குட்டியைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, ரெண்டும் பஞ்சுருண்டைதான். தாயை எடை போடச் சொல்லுங்க. தாய் 6 கிலோன்னா நீங்க வாங்குறது ஸ்பிட்ஸ். "டீகப்", "டாய்", "கல்ச்சர்"னு பேர் சொல்லி விலையை ஏத்துறதெல்லாம் வியாபாரம். டீகப்னு ஒரு இனம் கிடையவே கிடையாது.

எனக்குக் கேட்டா ஸ்பிட்ஸ்தான் உங்க வீட்டுக்கு நல்லது. நம்ம ஊர்லயே தலைமுறை தலைமுறையா இருந்து பழகின நாய்.

மடிப்பாக்கம் மாடிவீடு | ஏப்ரல் 12, காலை 8.05

அப்ப வீட்ல எதிர்க்கட்சி கேக்குறதும் ஸ்பிட்ஸ்தான்னு வைச்சுக்குறேன். ஆனா முடி? அம்மாவுக்கு வீசிங் இருக்கு.

சீப்பும் கத்தரியும் | ஏப்ரல் 12, மதியம் 1.50

வீசிங் இருந்தா நாய் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. ஸ்பிட்ஸ் இருக்குற ஒரு வீட்லயும் டாஷ் இருக்குற ஒரு வீட்லயும் அம்மா தனித்தனி நாள்ல ரெண்டு மணி நேரம் உக்காரட்டும். ஒவ்வாமை முடியால வர்றதில்ல, தோல் பொடியாலயும் எச்சியாலயும் வர்றது. டாஷ் கிட்டயும் அது இருக்கு. முடி குட்டைன்னா ஒவ்வாமை கம்மின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நெஞ்சு டாக்டர் கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

இப்ப முடிக்கு வர்றேன். ஸ்பிட்ஸுக்கு ரெண்டடுக்கு. மேலே நீளமான முரட்டு முடி, கீழே பஞ்சு. குளிர் ஊர்ல வருஷத்துக்கு ரெண்டு தடவை பஞ்சு மொத்தமா கொட்டும். சென்னையில வருஷம் பூரா கொஞ்சம் கொஞ்சமா கொட்டிக்கிட்டே இருக்கும். கருப்பு பேன்ட்டை மறந்துடுங்க.

சீவுற முறைதான் முக்கியம். மேலாக்க வாரினா பளபளன்னு இருக்கும், அடியில ஜடை பிடிச்சிருக்கும். ஒரு கையால முடியை மேல்பக்கமா தூக்கிப் பிடிச்சு, தோல் தெரியிற மாதிரி வகிடு எடுத்து, வகிடுக்குக் கீழே ஒவ்வொரு வரிசையா ஸ்லிக்கர் பிரஷ்ஷால (மெல்லிசான கம்பி முள் வைச்ச பிரஷ்) வாரணும். முடிச்சதும் ஸ்டீல் சீப்பு விட்டுப் பார்க்கணும், எங்கேயும் சிக்காம போகணும். வாரம் மூணு நாள், தடவைக்கு 15 நிமிஷம். ஜடை பிடிக்கிற இடம் காதுக்குப் பின்னாடி, அக்குள், பின்தொடை.

வேப்பேரிப் பக்கம் | ஏப்ரல் 12, இரவு 11.10

நேற்று நான் எழுதியது மிகை. திருத்துகிறேன்.

படி ஏறியதால் டாஷின் முதுகு கெடுகிறது என்று சொல்ல முடியாது. காலைக் குட்டையாக்கும் அதே மரபுக்கூறுதான் முதுகெலும்புத் தட்டுக்குள் இருக்கும் கூழையும் சின்ன வயதிலேயே உலர வைத்துச் சுண்ணாம்பாக்குகிறது. பிறகு ஒரு நாள் அது வெடித்து மேல்நோக்கித் தண்டுவடத்தை அழுத்தும். ஏறக்குறைய ஐந்து டாஷில் ஒன்றுக்கு வாழ்நாளில் இது நேர்கிறது. அதிகம் பார்ப்பது 3 வயது முதல் 7 வயது வரை. அளவாகப் படி ஏறும் நாய்களுக்கு மற்றவற்றைவிட அதிகம் வருகிறது என்று உறுதியாகக் காட்ட ஆதாரமில்லை. தொப்பை விழுந்த நாய்க்கும் தசை வலுவில்லாத நாய்க்கும் தொல்லை கூடுதல்.

ஆனால் முடிவை மாற்றவில்லை, காரணத்தைத்தான் மாற்றுகிறேன். வந்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். லேசான நிலை என்றாலே குறைந்தது 4 வாரம் கூண்டு ஓய்வு. குதிக்கக் கூடாது, படி அறவே கூடாது. மலஜலத்துக்கு மட்டும் தூக்கிப் போய்த் தூக்கி வர வேண்டும். 9 கிலோ நாயை, நெஞ்சுக்கடியில் ஒரு கை, பின்புறத்துக்கடியில் ஒரு கை என்று முதுகு கிடைமட்டமாக இருக்கும்படி, மூன்று மாடி. பகலில் அதைச் செய்யப்போவது யார்? முட்டி வலிக்கும் அம்மா.

பழைய டாஷ்காரன் | ஏப்ரல் 13, காலை 6.20

வேப்பேரிக்காரர் பாதி வழி வந்துவிட்டார், மீதியை நான் சொல்கிறேன். டாஷ் வளர்க்கவே கூடாது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

இடுப்பு தெரிய வேண்டும். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் ஒடுங்க வேண்டும், தடவினால் விலா எலும்பு ஒவ்வொன்றும் விரலில் பட வேண்டும். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை. டைல்ஸில் நாய் நடக்கும் தடம் நெடுக ரப்பர் பாய். நகம் 2–3 வாரத்துக்கு ஒருமுறை, தரையில் டக்டக் என்று சத்தம் கேட்டால் ஏற்கெனவே நீண்டுவிட்டது. சோபாவுக்கு ஒரு சாய்வுப் பலகை, 90 செ.மீ. நீளம், மேலே கயிற்றுப்பாய் ஒட்டி.

குட்டி வாங்கும்போது தாய் தகப்பனுக்கு முதுகு எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். வடக்கு ஐரோப்பிய நாடுகளில் 2 வயதுக்கு மேல், 4 வயதுக்குள் எடுத்து, சுண்ணாம்பு பிடித்த தட்டுகளை எண்ணித்தான் இனம் சேர்க்கிறார்கள். இங்கே கேட்டால் முழிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். இன்னொன்று: புள்ளி டாஷ் இரண்டைச் சேர்த்துப் பிறந்த குட்டி என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். குருடும் செவிடும் அந்த வழியில்தான் வருகிறது.

ஓ.எம்.ஆர். ஓரம் | ஏப்ரல் 13, காலை 9.00

சோபா உயரம் 45 செ.மீ. 90 செ.மீ. பலகை போட்டா 30 டிகிரி சரிவு. அது சறுக்கு மரம் சார்.

பழைய டாஷ்காரன் | ஏப்ரல் 13, இரவு 8.45

சரிதான். 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அப்படியென்றால் 132 செ.மீ. ஹாலில் பாதியை அடைக்கும். அதைவிட சோபாவின் காலைக் கழற்றி உயரத்தைக் குறைப்பது மேல்.

மடிப்பாக்கம் மாடிவீடு | ஏப்ரல் 14, மதியம் 12.30

புத்தாண்டு வாழ்த்துகள் எல்லாருக்கும். வடை பாயசத்தோட படிச்சுட்டு இருக்கேன். அம்மா கட்சி மாறிட்டாங்க, ஸ்பிட்ஸ் பக்கம். நான் இன்னும் மாறல. ஸ்பிட்ஸ் கத்தும்னு சொல்றாங்களே? கீழ்வீட்ல கைக்குழந்தை இருக்கு.

வேப்பேரிப் பக்கம் | ஏப்ரல் 14, மதியம் 2.15

பாயசத்தில் திராட்சை இருந்தால் நாய் வந்த பிறகு கிண்ணத்தைக் கீழே வைக்காதீர்கள். உலர்திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தை அடித்துவிடும், எவ்வளவு தின்றால் ஆபத்து என்று வரையறுக்க முடியாது. சாம்பார் வெங்காயமும் அப்படியே, சமைத்தாலும் ரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும். "சாம்பார் சாதம்தான் சாப்பிடுது" என்று பெருமைப்படுகிற வீடுகளுக்கு இது.

சீப்பும் கத்தரியும் | ஏப்ரல் 14, மாலை 6.40

கத்தும். ரெண்டும் கத்தும். ஸ்பிட்ஸ் கீச்சுக்குரல், காலிங் பெல், கூரியர், புறா, பக்கத்து வீட்டு குக்கர் விசில், எதுக்கும். டாஷுக்குக் கனத்த குரல், கத்துனா ஆள் உயர நாய்னு வெளியில இருக்கவன் நினைப்பான்.

பெல்லுக்கு ஒரு வழி இருக்கு. உங்க வீட்டு பெல் சத்தத்தை போன்ல பதிவு பண்ணுங்க. காதுக்கு எட்டுற அளவு மெல்லிசா போட்டு, நாய் திரும்பிப் பார்த்த உடனே, கத்துறதுக்கு முன்னாடி, வாசலுக்கு எதிர்மூலையில விரிச்ச பாய் மேல தின்பண்டம் போடுங்க. பட்டாணி அளவு போதும். 10 தடவை, காலையும் மாலையும். கத்தலைன்னா அடுத்த நாள் சத்தம் ஒரு புள்ளி கூட்டு. கத்துனா ரெண்டு புள்ளி குறை. ரெண்டு மூணு வாரத்துல பெல் அடிச்சா பாய்க்கு ஓடும். "ஏய் சும்மா இரு"ன்னு நீங்க கத்துனா அதுக்கு அது கூட்டுக் கச்சேரி.

பால்கனி கம்பிக்குக் கீழே 60 செ.மீ. மறைப்பு கட்டிடுங்க. தெரு தெரியலைன்னாலே கத்தல் நல்லாக் குறையும்.

ஓ.எம்.ஆர். ஓரம் | ஏப்ரல் 14, இரவு 7.05

அசோசியேஷன் கூட்டத்துல "நாய் கூடாது"ன்னு தீர்மானம் போட்டா பயப்படாதீங்க. மெஜாரிட்டி ஓட்டு எடுத்தாலும் வளர்ப்பு நாயைத் தடை பண்ண முடியாதுன்னு விலங்குநல வாரியம் 2015-லயே வழிகாட்டுதல் குடுத்திருக்கு. ஆனா வாடகை வீடுன்னா ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, அது வேற கதை. மாநகராட்சி உரிமத்துக்கு ரேபிஸ் ஊசிச் சான்று கேப்பாங்க, அட்டையைத் தொலைக்காதீங்க.

வேப்பேரிப் பக்கம் | ஏப்ரல் 16, இரவு 9.30

இருவருமே தொடாத விஷயம் ஒன்று: உண்ணி. சென்னையில் இனம் எதுவானாலும் நாயை அதிகம் படுக்கவைப்பது இதுதான். இங்குள்ள பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். ரத்தம் குடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் இடுக்கு, கதவு நிலை, ஸ்விட்ச் போர்டு பின்புறம் என்று ஏறி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். மூன்றாவது மாடி என்பதால் தப்பிக்க முடியாது, பொதுப் படிக்கட்டு போதும்.

அதனால் வருவது எர்லிக்கியா, பபேசியா என்ற உண்ணிக் காய்ச்சல்கள். சோறு வேண்டாம் என்னும், காய்ச்சல், ஈறு வெளிறும், சில சமயம் மூக்கில் ரத்தம். ரத்தப் பரிசோதனையில் தட்டணு சரிந்திருக்கும். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் 28 நாள். ஐந்தாம் நாள் வாலாட்டுகிறது என்று நிறுத்தினால் திரும்ப வரும். மாத்திரையை வெறும் வயிற்றில் தராதீர்கள், தந்த பிறகு தண்ணீரோ சோறோ இறங்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாகும்.

தடுக்க மாதம் ஒன்று தரும் மாத்திரையும் 12 வாரத்துக்கு ஒன்று தரும் மாத்திரையும் உண்டு. எடைப்படிதான் வாங்க வேண்டும், பெரிய நாய் மாத்திரையை உடைத்துத் தருவது கூடாது. வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

இந்த விஷயத்தில் டாஷுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். குட்டை முடியில் உண்ணி கண்ணுக்குத் தெரியும். ஸ்பிட்ஸின் பஞ்சுக்குள் தேட வேண்டும்: காது மடலுக்குள், விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கடி.

சீப்பும் கத்தரியும் | ஏப்ரல் 17, காலை 7.30

ஒப்புக்கிறேன். வகிடு எடுத்து சீவுறப்பவே உண்ணியும் பார்த்துடலாம், தனி வேலை இல்லை.

பழைய டாஷ்காரன் | ஏப்ரல் 17, இரவு 9.10

டாஷின் காதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொங்கும் காது, சென்னைப் புழுக்கம், உள்ளே ஈஸ்ட். வாரம் ஒருமுறை மடலைத் தூக்கி மோந்து பாருங்கள், புளித்த மாவு வாடை வந்தால் மருத்துவரிடம். பட்ஸ் விடாதீர்கள்.

தரைத்தள வீட்டுக்காரர் யாராவது இதைப் படித்தால்: டாஷ் பெருச்சாளி வளைக்குள் மூக்கை விடாமல் இருக்காது. எலி மூத்திரத்தில்தான் எலிக்காய்ச்சல். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் லெப்டோ ஊசி போட்டிருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள்.

மடிப்பாக்கம் மாடிவீடு | ஏப்ரல் 19, இரவு 10.00

சாப்பாடு எவ்வளவு? அம்மா கை தாராளம். பிஸ்கட் டப்பா எப்பவும் பக்கத்துலயே இருக்கும்.

வேப்பேரிப் பக்கம் | ஏப்ரல் 19, இரவு 10.50

6 கிலோ வளர்ந்த ஸ்பிட்ஸ், வீட்டுக்குள்ளேயே இருப்பது: ஒரு நாளைக்கு சுமார் 350 கலோரி. 9 கிலோ டாஷ்: 450–500. உலர் தீனி 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி. ஆக ஸ்பிட்ஸுக்கு 100 கிராம், டாஷுக்கு 130 முதல் 140, இரண்டு வேளையாக. பையின் பின்னால் இருக்கும் அட்டவணை பெரும்பாலும் தாராளம்.

சின்ன குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்று சுமார் 25 கலோரி. அம்மா காலை காபிக்கு இரண்டு, மாலைக்கு இரண்டு போட்டால் 100 கலோரி. ஸ்பிட்ஸின் ஒரு நாள் சாப்பாட்டில் கால்பங்குக்கு மேல்! அம்மாவிடம் போடாதீர்கள் என்று சொன்னால் நடக்காது. காலையிலேயே அன்றைய தீனியில் 20 கிராம் எடுத்து அந்த பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுங்கள். கை போகிற இடத்துக்கே போகட்டும்.

ஓ.எம்.ஆர். ஓரம் | ஏப்ரல் 19, இரவு 10.58

அம்மா அதைக் காபிக்குத் தொட்டுக்காம பார்த்துக்கோங்க.

பழைய டாஷ்காரன் | ஏப்ரல் 21, காலை 6.05

மூன்றாவது மாடி என்றதும் நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது: குட்டி எங்கே ஒன்றுக்குப் போகும்? எத்தனை மாதமோ அதோடு ஒன்று சேர்த்தால் அத்தனை மணி நேரம் அடக்கும், அதுவே அதிகபட்சம். இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரம். அத்தனை தடவை அம்மா இறங்கி ஏற முடியாது. ஊசி முடியும்வரை, அதாவது 16 வாரம்வரை, தெருவில் இறக்கவும் கூடாது, பார்வோ வைரஸ் காத்திருக்கும். பால்கனியில் புல்தட்டு ஒன்றே வழி. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட 15 நிமிடத்தில், விளையாடி முடித்ததும் தட்டில் விடுங்கள். வேறிடத்தில் போனால் என்சைம் திரவத்தால் துடையுங்கள். ஃபினாயில் நமக்குத்தான் மணம், நாய் மூக்குக்குப் பழைய வாடை அப்படியே இருக்கும், பாதமும் எரியும்.

இதில் ஸ்பிட்ஸ் சீக்கிரம் கற்கும். டாஷ் பிடிவாதம், மழை பெய்தால் வெளியே கால் வைக்க மறுக்கும். என் கட்சியைப் பற்றி நானே சொல்லிவிட்டேன்.

சீப்பும் கத்தரியும் | மே 6, காலை 10.15

அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சாச்சு, "மொட்டை அடிச்சு விடுங்க"ன்னு வர்ற ஆளுங்களும் ஆரம்பிச்சாச்சு. இங்கேயே எழுதி வைக்குறேன். ஸ்பிட்ஸை மொட்டை அடிக்காதீங்க. அந்த ரெண்டடுக்கு முடிதான் வெயில் தோல்ல படாம தடுக்குது. மொட்டை அடிச்சா சில நாய்க்கு மேல்முடி திரும்ப வராது, மாசக்கணக்குல பஞ்சு மட்டும் திட்டுத்திட்டா முளைக்கும். அடிவயித்துலயும் பாதத்துக்கு அடியிலயும் மட்டும் குறைச்சுக்கலாம். பஞ்சை நல்லா சீவி எடுத்தாலே காத்து உள்ளே போகும்.

குளியல் 3 வாரத்துக்கு ஒண்ணு. ஷாம்பு ஒரு பங்குக்குத் தண்ணி 10 பங்கு. குளிச்ச பிறகு வேரோட காயணும், சூடில்லாத காத்துல ஊதிக் காய வைக்கணும். மேலே காஞ்சு அடியில ஈரம் நின்னா ரெண்டே நாள்ல சீழ்ப்புண்.

வேப்பேரிப் பக்கம் | மே 6, மதியம் 12.40

நடை காலை ஆறரைக்குள், இரவு ஏழரைக்கு மேல். புறங்கையைத் தார் ரோட்டில் 7 விநாடி வைக்க முடியாவிட்டால் நாய்க்கும் முடியாது. மூச்சு இரைத்து, நாக்கு அடர்சிவப்பாகி, தள்ளாடினால் உடனே குழாய்த் தண்ணீர் ஊற்றி ஃபேன் போடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விட்டுவிட்டால் அது சூட்டைப் பொதிந்து வைக்கும். ஊற்றிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மடிப்பாக்கம் மாடிவீடு | மே 18, இரவு 9.20

தோத்துட்டேன். ஸ்பிட்ஸ்தான். அம்மா ரெண்டு வீட்லயும் உக்காந்து பார்த்தாச்சு, வீசிங் இல்லை, டாக்டரும் சரின்னுட்டார். ஒருத்தர் 40 நாள் குட்டி இருக்கு, இந்த ஞாயித்துக்கிழமை எடுத்துக்கோங்கன்னு சொல்றார். தாய் வெளியூர்லயாம்.

பழைய டாஷ்காரன் | மே 18, இரவு 9.26

வேண்டாம். 8 வாரத்துக்கு முன்னால் விற்பதே 2017 நாய் விற்பனை விதிப்படி தப்பு. தாயைக் காட்டாதவரிடம் எந்த இனமும் வாங்காதீர்கள்.

வேப்பேரிப் பக்கம் | மே 18, இரவு 10.15

குட்டிதான் வேண்டும் என்று கட்டாயமா? இரண்டு மூன்று வயது ஸ்பிட்ஸைப் பார்த்துக்கொள்ள முடியாமல் விட்டுவிடுபவர்கள் ஏராளம், கிண்டி புளூ கிராஸிலும் கேட்டுப் பாருங்கள். வளர்ந்த நாய் என்றால் எடை தெரியும், கத்தல் தெரியும், ஆறேழு மணி நேரம் அடக்கும். எடுத்ததும் பார்க்க வேண்டியவை: முழங்கால் சில்லு வழுகுகிறதா (நடக்கையில் ஒரு பின்னங்காலைத் தூக்கி ரெண்டு தாவல் தாவும்), கயிறு இழுத்தால் வாத்து மாதிரி இருமுகிறதா (மூச்சுக்குழல் தளர்ச்சி, மார்புப் பட்டைதான் போட வேண்டும்), பல்லில் காரை எவ்வளவு. பெண் நாய் என்றால் கருத்தடை ஆகியிருக்கிறதா. ஆகாவிட்டால் செய்துவிடுங்கள், வயதானபின் கருப்பையில் சீழ் பிடிப்பது சர்வ சாதாரணம்.

மடிப்பாக்கம் மாடிவீடு | மே 25, இரவு 8.30

மூணு வயசு, பெண், கருத்தடை ஆனது, 6.2 கிலோ. நாளைக்குக் கூட்டிட்டு வர்றோம். சோபா கால் கழட்டணுமா இதுக்கும்?

ஓ.எம்.ஆர். ஓரம் | மே 25, இரவு 8.34

கருப்பு பேன்ட்டை மட்டும் பீரோல வைச்சுப் பூட்டுங்க.

பழைய டாஷ்காரன் | மே 25, இரவு 9.50

வேண்டியதில்லை. ஆனால் சோபா முன்னால் ஒரு ரப்பர் பாய் போடுங்கள், டைல்ஸில் குதித்து வழுக்கினால் சில்லு வழுகும். படியில் முதல் ஒரு வாரம் கயிற்றோடு மெதுவாக இறக்குங்கள். மாடிப்படிக் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று இன்றைக்கே அளந்துவிடுங்கள். 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் ஸ்பிட்ஸ் தலை புகும்.

மடிப்பாக்கம் மாடிவீடு | மே 25, இரவு 10.20

12 செ.மீ. இருக்கு. காலையில வலை வாங்கிட்டு வந்து கட்டிடுறேன்.